ஹேண்ட் கியரும் கடைசியில் வெல்டு வைக்கிற கம்பியும்

அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அதே வருடம் பிப்ரவரியில்தான் கிளட்ச் மிதி இல்லாத மாருதி செலிரியோ சந்தைக்கு வந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்த வேலை இல்லை. ஆனாலும் இந்தியாவில் இடது காலுக்கு ஓய்வு கொடுத்த வருடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சில வீட்டு முற்றங்களில் தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடர் நிற்கும். விற்க மனசு வராது, ஓட்டக் கால் ஒத்துழைக்காது. நாற்பது வருடம் கிளட்ச் மிதித்த இடது முழங்காலுக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்வெளிச் சாலைகளில் என்றால் எப்படியாவது சமாளிக்கலாம். அதைத் தாண்டி மேற்கே கல்குளம், விளவங்கோடு என்று போனால் சமதளமாக நூறு அடி ரோடு கிடைப்பதே பெரும்பாடு. ஏற்றத்தில் முன்னால் போகிற பஸ் நின்றால் பாதி கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் பெரியவருக்கோ, அவர் வண்டியை ஆசையாகக் கேட்கிற பேரனுக்கோ அந்தக் கேள்வி வரும். "இதுல ஆட்டோமேட்டிக் வச்சா என்ன?"

ஆசையில் தப்பே இல்லை. கேட்கிற கேள்விகளில்தான் தப்பு. எந்த வண்டியின் கியர் பெட்டி பொருந்தும், என்ன விலை, மைலேஜ் எவ்வளவு குறையும் என்றெல்லாம் கேட்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற அந்தக் கையையும் புதுப் பெட்டியையும் எதால் இணைப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது கடைசி நாளில் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிற ஒரு இரும்புக் கம்பியை வளைத்து, இரண்டு இடத்தில் வெல்டு வைத்து முடிகிற சமாச்சாரம் என்ற நினைப்பு. உண்மையில் அந்த மொத்த வேலையில் உயிர் போகக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதை முதலில் தீர்மானிக்காமல் பெட்டியை வாங்கவே கூடாது.

ஹேண்ட் கியர் பார்க்காத தலைமுறைக்காகக் கொஞ்சம் விளக்கம். அம்பாசிடரிலும் பிரிமியர் பத்மினியிலும் (ஃபியட் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும்) கியர் கம்பி தரையில் முளைத்து நிற்காது. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டி, வைப்பர் சுவிட்ச் மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கும். முன்னால் நீளமாக ஒரே சீட். டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், நடுவில் இருப்பவர் முழங்காலில் கியர் இடிக்காது. டாக்சிக்காரருக்கு அது ஒரு ஆள் கூடுதல் வருமானம். அம்பாசிடரிலேயே பிற்பாடு ஃப்ளோர் கியர் வந்தது, 2003-ல் வந்த கிராண்ட் மாடலில் தனித்தனி சீட்டும் ஃப்ளோர் கியரும் இருந்தன. ஆனாலும் பழைய டிரைவர்களில் பாதிப் பேர் ஹேண்ட் கியர்தான் சுகம் என்பார்கள்.

அந்தக் கை இரண்டு விதமாக அசையும். தன் பக்கம் இழுப்பதும் தள்ளுவதும் எந்த வரிசை என்று தேர்ந்தெடுக்க, மேலே கீழே அசைப்பது கியரைப் போட. இந்த இரண்டு அசைவும் தண்டு வழியாகக் கீழே இறங்கி, மூட்டுகளும் கம்பிகளும் தாண்டி, கியர் பெட்டியின் பக்கவாட்டில் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ். புஷ் தேய்ந்தால் ஆட்டம். ஆட்டம் கூடினால் இரண்டு கியருக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். நடு ரோட்டில் பானெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டு, கம்பியை ஒரு தட்டுத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவருவது அந்தக் கால டிரைவர்களின் கைத்தொழில். அதில் பெரிய ஆபத்து இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேனுவல் பெட்டியில் கியர் விழாவிட்டால் வண்டி போகாது, அவ்வளவுதான். எந்தக் கியர் என்று டிரைவரின் கைக்கே தெரியும், சந்தேகம் வந்தால் கிளட்ச் இருக்கிறது.

ஆட்டோமேட்டிக்கில் இது தலைகீழ். அங்கே வரிசை கிடையாது, ஒரே கோட்டில் படிப்படியாகப் போக வேண்டும். பி, ஆர், என், டி, 2, 1. பெட்டிக்கு வெளியே ஒரே ஒரு கைதான். அது உள்ளே ஒரு பல் தகட்டைத் திருப்பும். தகட்டின் பள்ளங்களில் ஸ்பிரிங் வைத்த ஒரு உருளை விழுந்து விழுந்து எழும், நமக்குக் கையில் கிடைக்கிற 'டக் டக்' அதுதான். அதே தகடு ஒரு வால்வையும் நகர்த்தும், எண்ணெய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வது அந்த வால்வு. கடைசிப் பள்ளத்துக்கு வந்தால், அதாவது பி-யில், ஒரு சின்ன எஃகுக் கொக்கி போய்ப் பெட்டியின் வெளிவரும் தண்டில் இருக்கிற பல் சக்கரத்தில் விழுந்து வண்டியைப் பூட்டும். ஆயிரத்துச் சொச்சம் கிலோ வண்டியைச் சரிவில் நிறுத்தி வைப்பது கட்டை விரல் அளவு சமாச்சாரம்!

அந்தக் கொக்கி முழுதாக விழுந்ததா இல்லையா என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவர் பார்ப்பது ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற எழுத்தை. எழுத்துக்கும் கொக்கிக்கும் நடுவே இருப்பது கம்பி. கம்பி பொய் சொன்னால் எழுத்தும் பொய் சொல்லும்.

இந்த வேலை பெருவாரியாக நடக்கிற இடம் அமெரிக்கா. அங்கே பழைய ஷெவர்லே, ஃபோர்டு பிக்கப் லாரிகளில் ஸ்டியரிங்கிலேயே மூன்று கியர் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஆட்டோமேட்டிக் போடுவது பல வருடமாக நடந்து வருகிறது. கல்ஃபில் ஒர்க்‌ஷாப் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் குமரி மாவட்டத்தில் நிறைய. ஸ்டியரிங் பக்கத்தில் பி-யும் ஆர்-உம் எழுதிய அமெரிக்க பிக்கப்புகளை அவர்களில் பலர் கையாண்டிருப்பார்கள். அதனால் அம்பாசிடரில் என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன் அந்த லாரிகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

மூன்று கியர் ஸ்டியரிங் தண்டின் அடியில் இரண்டு கைகள் இருக்கும். ஒன்று முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும், மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும். ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று போதும். 'இருக்கிற இரண்டில் ஒன்றைப் பிடித்து இழுத்துக் கட்டு' என்பதுதான் முதலில் தோன்றுகிற யோசனை. சிக்கல் என்னவென்றால், அந்தக் கை நடுவில் ஒரு நியூட்ரல், மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று இடத்துக்காகச் செய்யப்பட்டது. ஆட்டோமேட்டிக்குக்கு ஆறு இடம் வேண்டும். பயணம் போதாது. உடனே கையின் நீளத்தை மாற்றுவார்கள். கணக்கு எளிது. தண்டுப் பக்கக் கை 3 அங்குலம், பெட்டிப் பக்கக் கையும் 3 அங்குலம் என்றால் இங்கே எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு அங்கே திரும்பும். பெட்டிப் பக்கத்தை 2 அங்குலமாக வெட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திரும்பும். பயணப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தேய்ந்த புஷ்ஷில் இருக்கிற ஆட்டமும் அதே ஒன்றரை மடங்கு பெருகிப் போய்ச் சேரும். கை கனக்கவும் செய்யும். இலவசமாக எதுவும் கிடைக்காது என்று பொருளாதார வகுப்பில் சொல்வார்கள், நெம்புகோலும் அதையேதான் சொல்கிறது.

இன்னொரு வித்தியாசம் முக்கியமானது, அதிகம் பேசப்படாதது. ஆட்டோமேட்டிக்குக்கென்றே செய்த ஸ்டியரிங் தண்டில் ஒரு தடுப்பு உண்டு. கையைத் தன் பக்கம் இழுத்தால்தான் பி-யை விட்டு வெளியே வரும். மேனுவல் தண்டில் பி என்ற ஒன்றே இல்லாததால் அந்தத் தடுப்பும் இருக்காது. இறங்கும்போது முழங்கை பட்டாலோ, சீட்டில் ஏறி விளையாடுகிற பிள்ளை தொங்கினாலோ கை நகர்ந்துவிடும். ஸ்டார்ட்டர் பூட்டும் இதே கதை. அமெரிக்காவில் 1968 முதல் நடப்பில் இருக்கிற பாதுகாப்பு விதிப்படி, ஆட்டோமேட்டிக் வண்டியில் கை முன்கியரிலோ ரிவர்ஸிலோ இருந்தால் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் கிளம்பக் கூடாது. முன்கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நியூட்ரல் இருந்தாக வேண்டும். மேனுவல் வண்டியில் அந்த சுவிட்ச் கிடையாது. புதிதாக வைக்க வேண்டும். 'அதெல்லாம் எதுக்கு, நேரா வயரை ஜாயிண்ட் பண்ணு' என்று சொல்கிற ஆள் எல்லா ஊரிலும் இருப்பார்.

பிறகு அசைவு. பிக்கப் லாரியின் கேபின் ரப்பர் மேல் சேசிஸில் உட்கார்ந்திருக்கும், என்ஜினும் பெட்டியும் வேறு ரப்பர் மேல். அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் இல்லை, ஆனாலும் என்ஜின் ரப்பர் மேல்தான். ஆக்சிலேட்டர் மிதித்தால் என்ஜின் ஒரு பக்கம் சாயும், கேபினில் இருக்கிற ஸ்டியரிங் சாயாது. இரண்டையும் ஒரு வளைந்த கம்பியால் விறைப்பாகக் கட்டினால் என்ஜின் சாயும்போதெல்லாம் கம்பி கியர் கையைத் தள்ளும் அல்லது இழுக்கும். கம்பெனிக்காரர்கள் நடுவில் ஒரு திருப்புக் கையை வைத்து இந்த அசைவைத் தின்ன வைத்தது இதனால்தான். கேபிள் போட்டாலும் இந்தத் தொல்லை குறையும்.

எழுத்துப் பலகையில் வேறு ஒரு கூத்து இருக்கிறது. ஷெவர்லேயின் பழைய டி.எச். 350 பெட்டிக்கு மூன்று முன்கியர். 1982 மாடலில் வந்த 700 ஆர் 4 பெட்டிக்கு நான்கு, அதில் ஓவர்டிரைவ் என்று ஒரு படி கூடுதல். முன்னதை எடுத்துவிட்டுப் பின்னதை வைத்தால் படி ஏழு, பலகையில் எழுத்து ஆறு. எண்ணிப் பார்த்தால் பலகை டி என்று காட்டும்போது பெட்டி ஓவர்டிரைவில் இருக்கும், 2 என்று காட்டும்போது டி-யில். இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த 2 போட்டவருக்கு என்ஜின் பிடிப்பே கிடைக்காது. அந்தப் பெட்டிக்கு டி.வி. கேபிள் என்று ஒன்று உண்டு (தொலைக்காட்சி அல்ல!). ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்று பெட்டிக்குச் சொல்கிற கேபிள் அது. அதைத் தப்பாகக் கட்டினால் எண்ணெய் அழுத்தம் போதாமல் உள்ளே கிளட்ச் தகடுகள் கருகிப் போகும். ஆனால் அது பணத்தோடு போகிற தப்பு.

கம்பியும் படியும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊர் மெக்கானிக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றே மாட்டிக்கொண்டது. 1970களில் ஃபோர்டு கார்களும் லாரிகளும் பி-யில் நிறுத்தியிருந்தும் தானாக ரிவர்ஸில் ஓடுவதாகப் புகார்கள் குவிந்தன. என்ஜின் ஓட, டிரைவர் கையை பி-க்குத் தள்ளிவிட்டு இறங்குவார். கை பி-க்கும் ஆர்-க்கும் நடுவிலான மேட்டில் நின்றிருக்கும். பார்த்தால் பி மாதிரி, தொட்டால் பி மாதிரி. கதவைச் சாத்துகிற அதிர்ச்சியோ என்ஜின் நடுக்கமோ போதும், ரிவர்ஸில் விழும். கேட்டைத் திறக்கப் பின்னால் போனவர் மேல் வண்டி ஏறும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. 1980-ல் பாதுகாப்புக் குறை இருப்பதாக முதல்கட்ட முடிவுக்கும் வந்தது. 98 மரணங்கள் கணக்கில் வந்தன. 1980 டிசம்பரில் சமரசம். என்ன சமரசம் தெரியுமா? வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரி செய்ய வேண்டாம், சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பினால் போதும். இறங்கும் முன் கை பி-யில் இருக்கிறதா என்று பாருங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், என்ஜினை நிறுத்துங்கள் என்கிற மாதிரி!

காஸ்டிங் படிக்கிற எவருக்கும் இந்தக் கணக்கு சட்டென்று புரியும், புரிவதனாலேயே வயிற்றைக் கலக்கும். வண்டிக்கு ஒரு பாகம் மாற்றுகிற செலவை 2 கோடியே 30 லட்சத்தால் பெருக்கினால் ஒரு தொகை. ஸ்டிக்கரும் தபால் தலையும் பெருக்கினால் இன்னொரு தொகை. இரண்டாவது தொகை ஜெயித்தது.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2016-ல் ஜீப் கிராண்ட் செரோக்கி உள்ளிட்ட வண்டிகளை, உலக அளவில் சுமார் 11 லட்சம், ஃபியட் கிரைஸ்லர் திரும்ப அழைத்தது. அங்கே கம்பியே கிடையாது, எல்லாம் மின்சாரம். கை எந்தக் கியர் போட்டாலும் விட்டவுடன் நடுவுக்குத் திரும்பிவிடும், அதனால் எந்தக் கியர் என்று கைக்குத் தெரியாது. அந்த வருடம் ஜூன் மாதம் நடிகர் அன்டன் யெல்சின் தன் வீட்டுச் சரிவில் அப்படி உருண்டு வந்த சொந்த ஜீப்பில் சிக்கி இறந்தார். கம்பி போனாலும் கேள்வி போகவில்லை.

சரி, ஊருக்குத் திரும்புவோம். இங்கே இந்த வேலை ஏன் கம்பியில் வந்து கெடுகிறது? பணம் செலவாகிற வரிசைதான் காரணம் என்று தோன்றுகிறது. முதலில் பெட்டி, பிறகு அதை என்ஜினோடு இணைக்கிற தகட்டுக்கு லேத் வேலை, பிறகு புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டுவது, பிறகு ரேடியேட்டர் பக்கம் எண்ணெய் குளிர்விக்கிற குழாய். கம்பியின் முறை வரும்போது பர்ஸ் காலி, பொறுமையும் காலி. போட்ட பணம் போட்டதுதான், அதைப் பார்த்து இனி முடிவெடுக்கக் கூடாது என்று பாடப் புத்தகம் சொல்லும். நடைமுறையில் போட்ட பணம்தான் 'இவ்வளவு பண்ணியாச்சு, இதுக்குப் போய் நிக்கணுமா' என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளும்.

சட்டமாவது தடுக்குமா என்றால், அது பார்க்கிற இடம் வேறு. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், சிலிண்டர் எண்ணிக்கை, எரிபொருள், சீட், நிறம் எல்லாம் உண்டு. கியர் பெட்டிக்கு ஒரு வரி கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி தந்ததிலிருந்து மாறுபடக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருடத் திருத்தச் சட்டம் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வைத்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக அனுமதி வாங்கி வண்டியை மாற்றவும் சட்டத்தில் இடம் உண்டு. இடது கால் முடியாதவர்கள் போக வேண்டிய வழி அதுதான். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயிண்ட் நிறம் மாறினால் கண்டுபிடித்துவிடுவார்கள், டி.என். 74, டி.என். 75 எதுவானாலும். பி என்ற எழுத்து உண்மையா என்று சரிவில் நிறுத்திப் பார்க்கச் சொல்லி அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. ஆர்.சி.யில் கியர் பெட்டிக்கு ஒரு வரி சேர்ப்பது கஷ்டமான காரியமா? அந்த ஒரு வரி இருந்தால் மாற்றினவர் காட்ட வேண்டியிருக்கும், காட்டினால் யாராவது பார்த்தாக வேண்டியிருக்கும்.

அம்பாசிடரைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அமெரிக்க லாரிக்காரருக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. உடைக்கப்போகிற ஒரு ஆட்டோமேட்டிக் லாரியிலிருந்து ஸ்டியரிங் தண்டை அப்படியே கழற்றி வந்து மாட்டிவிடலாம். தடுப்பு, சுவிட்ச், எழுத்துப் பலகை எல்லாம் அதோடு வரும். இந்தியாவில் ஆட்டோமேட்டிக் அம்பாசிடர் என்று ஒன்று உடைக்கக் கிடைக்காது. பின்சக்கரம் ஓடுகிற வண்டிக்கான ஆட்டோமேட்டிக் பெட்டியும் இங்கே குறைவு. 2008-ல் மஹிந்திரா ஸ்கார்பியோவில் வந்தது போன்றவை உண்டு என்றாலும் இப்போதைய பெட்டிகள் கம்பி சொல்வதை மட்டும் கேட்காது, கம்ப்யூட்டரையும் கேட்கும். ஆகவே ஸ்டியரிங்கில் இருக்கிற பழைய கையாலேயே ஆட்டோமேட்டிக்கை ஓட்ட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது. பெட்டி எந்த வண்டியிலிருந்து வருகிறதோ அதன் கியர் கை, கேபிள், பி பூட்டு, ஸ்டார்ட்டர் சுவிட்ச் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கித் தரையில் வைக்க வேண்டும். முன் சீட்டில் நடு ஆள் போவார், போகட்டும். அது கிடைக்காவிட்டால் ஹேண்ட் கியரை அப்படியே விட்டு, புஷ்ஷெல்லாம் புதிதாக மாற்றி, முழங்கால் நன்றாக இருக்கிற பேரனிடம் சாவியைக் கொடுக்கலாம்.

இதையும் மீறிச் செய்தவர்கள் வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் ஒரு சரிவுக்குக் கொண்டு போக வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துச் சாலைகளில் சரிவுக்குப் பஞ்சமில்லை. டயருக்குக் கீழ்ப்பக்கம் ஒரு கை தள்ளிப் பெரிய கல், பின்னால் யாரும் நிற்கக் கூடாது. பி போட்டு, என்ஜினை நிறுத்தி, பிரேக்கை விட்டுப் பார்க்க வேண்டும். வண்டியைத் திருப்பி மூக்கு கீழே பார்க்கிற மாதிரி நிறுத்தி மறுபடியும். கையை இழுக்காமல் வெறுமனே கீழே தட்டினால் பி-யை விட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆர்-இல் ஒரு முறையும் டி-யில் ஒரு முறையும் சாவியைத் திருப்ப வேண்டும். என்ஜின் கிளம்பினால் அந்த இடத்திலேயே வேலை பாக்கி. பிறகு ஐந்து பேரை ஏற்றிக் கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டி, என்ஜின் சூடானதும் இதையெல்லாம் இன்னொரு தடவை. கல்லை எடுப்பது அதற்கு அப்புறம்தான்.